வெயில் நாள் இடாப்பு

என்னை வெளியே அனுப்பிய கல்லூரியின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அங்கே படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள், எனக்கு அதற்கு நேரமில்லை. மலைநாட்டில் ஒரு பெரிய டவுன், ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு மதில், மதிலுக்குள் கல்லூரி. அவ்வளவு போதும்.

திரும்பி வந்த கல்லூரியைப் பற்றி எழுதலாம். தெஹியோவிட்டையிலிருந்து பஸ் ஏறி, இறங்கி, அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் நடந்தால் ரப்பர் மரங்களுக்கு நடுவில் நாலு கட்டிடம் தெரியும். பெயர்ப்பலகையில் 'தமிழ்க் கல்லூரி' என்றுதான் இருக்கிறது. தோட்டத்தில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. 'இஸ்கூலு' என்பார்கள். என் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். கிருஷ்ணகுமாரி, விஞ்ஞானப் பட்டதாரி. கூட்டங்களுக்குக் கூப்பிட்டு மாலை போட்டு, "கஷ்டப்பட்டுச் சாதித்தீர்கள்" என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது. சாதித்தது யார் என்று எனக்குத் தெரியும். ஒரு வியாழக்கிழமை காலை, பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் அது நடந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பாடசாலையை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் முதலில் ரப்பரை விளங்கிக்கொள்ள வேண்டும். மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. விடிய மழை என்றால் அன்றைக்கு வேலையில்லை, வேலையில்லை என்றால் சம்பளமும் இல்லை. வெயில் என்றால் தாய்மார் கத்தியோடு மலைக்கு ஏறுவார்கள். கைக்கு உதவியாக, சிரட்டைகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமக்க, பெரிய பிள்ளைகள் கூடப் போவார்கள். அவர்களுக்குப் பேர், அதாவது நாள் சம்பளக் கணக்கு, கிடையாது. எல்லாம் தாயின் பேரில்தான் விழும். ஆகவே வெயில் நாளில் எங்கள் வகுப்பில் பாதி மேசை காலி. மழை நாளில் உட்கார இடமிருக்காது. ஆசிரியர்கள் முக்கியமான பாடத்தை மழைக்கென்று எடுத்து வைத்திருப்பார்கள். பெற்றோர் கூட்டமும் மழையில்தான். காலை ஏழரைக்கு ஒரு மணி அடிக்கும். வெட்டுக்குப் போன பிறகு மழை பிடித்துக்கொண்டால், இறங்கி வருகிற பிள்ளைகளுக்காக அதிபர் ரெஜினோல்ட் சேர் இன்னொரு மணி அடிப்பார். அதற்கு மழை மணி என்று பெயர். தண்டவாளத் துண்டில் அவரே தன் கையால் அடிப்பார்.

உலகம் முழுக்க இப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் 'ஏ' எடுத்தேன். எங்கள் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லை, உயர்தரத்துக்குக் கலை மட்டும்தான். அதனால் அந்த மதில் கட்டிய கல்லூரிக்குப் போனேன். தோட்ட வாசலில் என் முகம் போட்டுப் பதாகை கட்டினார்கள். கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் நிற்கிற அப்பா அன்றைக்கு லீவு போட்டு வந்து, பதாகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்.

அங்கே முதல் பெருமழை பெய்த நாளில், தங்கியிருந்த இடத்தில் ஆறரைக்கே எழும்பி, எல்லாப் புத்தகங்களையும் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு, தொப்பலாக நனைந்து ஏழு மணிக்கு வாசலில் நின்றேன். இன்றைக்குப் பெரிய பாடம் நடக்கும் என்ற நிச்சயம் எனக்கு. கேட்டில் அப்ஹம் நானா மட்டும் இருந்தார். காவல்காரர்.

"என்ன மகள், இந்த மழையில?"

"மழதானே நானா. அதனாலதான் வெள்ளன வந்தேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பைத்தியமா என்று யோசித்திருப்பார். "மழைக்கு ஒத்தரும் வராதே மகள். டீச்சர்மாரே வரமாட்டாங்க."

அன்று அந்தப் பெரிய கல்லூரியின் பதினொராம் இலக்க வகுப்பறையில் மத்தியானம் வரைக்கும் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாளிலிருந்து எனக்குத் தவளை என்று பெயர். மழைக்கு மட்டும் வெளியே வருமாம். பதினொரு மாதம் அந்தப் பெயரோடு இருந்தேன். பெயரை விடுங்கள், இரசாயனம்தான் என்னைக் கொன்றது. அங்கிருந்த பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலேயே ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய் பிடித்தவர்கள். நான் படத்தில் பார்த்தவள். இரண்டு தவணைப் பரீட்சையில் தொடர்ந்து சித்தியடையவில்லை. உப அதிபர் கூப்பிட்டார்.

"பெறுபேறு வீதம் குறையும் பிள்ள. நீங்க கலைப் பிரிவுக்கு மாறுங்க. இல்லாட்டி விடுகைப் பத்திரம் எடுத்துட்டு வேற பாடசாலைக்குப் போங்க. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் பாரம்தானே."

நான் 'பத்திரம்' என்று சொல்லி முடிக்கவில்லை. அந்த அம்மா கையெழுத்தே போட்டுவிட்டார். முன்னமேயே எழுதி வைத்திருந்திருக்கிறார்.

அவிசாவளையில் பஸ் மாறி, சாயந்தரம் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். வாசலில் பதாகையைக் காணோம். சிநேகிதி மெரினா வீட்டு ஆட்டுப்பட்டிக்கு மேலே, கூரையில், என் முகம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

"நல்ல தடிப்பான சாமான்டி" என்றாள் மெரினா. "ஒரு சொட்டு ஒழுகல. ஆடு ரெண்டும் ஒன்னயப் பாத்துக்கிட்டேதான் தூங்குது."

அடிக்கலாம் போலிருந்தது. சிரிப்பும் வந்தது.

அம்மா லயத்து வீட்டு வாசலில் வாளி கழுவிக்கொண்டிருந்தார். ஜெயம்மா என்றால் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசமாட்டார். என் பெட்டியைப் பார்த்தார்.

"தொரத்திட்டாங்களா, நீயா வந்தியா?"

"ரெண்டுந்தான்."

"அப்ப நாளைக்கு நம்ம இஸ்கூலுக்குப் போ."

"அங்க சயன்ஸ் இல்லம்மா!"

"போய்க் கேளு. இல்லங்கறத அதிபரு வாயால சொல்லட்டும்."

அடுத்த நாள் நல்ல வெயில். பாடசாலை பாதி காலி. ரெஜினோல்ட் சேர் என் விடுகைப் பத்திரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். புத்திமதி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் அலுமாரியைத் திறந்து ஒரு தடித்த கடிதக் கோவையை எடுத்து மேசையில் போட்டார்.

"மூணு வருஷமா வலயக் கல்வி ஆபீசுக்கு எழுதுறேன், சயன்ஸ் பிரிவு தாங்கன்னு. போன மாசந்தான் பதில் வந்திச்சு. எட்டுப் பிள்ளைகள் இருக்கணுமாம். இடாப்புல பேரு இருந்தா மட்டும் போதாது. ஒருத்தர் வருவாங்க, சொல்லாம வருவாங்க. அன்னைக்கு எட்டுத் தலையையும் எண்ணணும். எண்ணிட்டா ரெண்டு டீச்சர் தருவாங்க. எண்ணாட்டி இந்தக் கோவைய அடுப்புல வைக்கலாம்."

"எத்தன பேரு இருக்கு சேர்?"

"ஏழு. இப்ப எட்டு." பத்திரத்தைத் தட்டினார். "உனக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நல்ல நேரத்துல தொரத்தி விட்டிருக்காங்க."

"எட்டுப் பேரும் ஒரே நாள்ல இருப்பாங்களா சேர்?"

"மழ நாள்ல இருப்பாங்க."

"வெயில் நாள்ல?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். ஜனவரி மாதம். பால் நன்றாகச் சுரக்கிற காலம். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

எனக்கு இருந்த கணக்கு எளிமையானது. பிரிவு வந்தால் படிப்பேன். வராவிட்டால் கலைப் பிரிவு, அல்லது வெட்டுக் கத்தி. கணக்கப்பிள்ளை அம்மாவிடம் ஏற்கனவே கேட்டிருந்தார், "மகதான் வந்திருச்சே, பேர் பதியலாமா?" என்று. பால் வெட்டுவது கேவலம் என்று நான் சொல்லவில்லை. என்னை வளர்த்தது அதுதான். ஆனால் இன்னொருவர் என்னைக் கையெழுத்துப் போட்டு அங்கே தள்ளினால் நான் போக மாட்டேன். அந்தப் பிடிவாதம் எனக்கு அப்போதும் இருந்தது.

நூலக மூலையில் எட்டு மேசை போட்டுத் தந்தார் சேர். தினமும் நானும் பவாஸும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். பவாஸ் சந்திக் கடைக்காரரின் மகன், வெட்டு வேலை இல்லாதவன். மற்ற ஆறு பேரும் மலையில். முதல் வாரத்தில் இரண்டு நாள் மழை பெய்தது. அந்த இரண்டு நாளும் மேசை நிரம்பியது. ஒரு அதிகாரியும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வெயிலைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன்.

மூன்றாம் வாரம், வியாழக்கிழமை ஒன்பதரை மணிக்கு வெள்ளை வாகனம் வந்தது.

இறங்கியவர் சிங்களப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். வெயிலில் ஏறி வந்த களைப்பு. நூலக வாசலில் நின்று எட்டு மேசையையும் பார்த்தார், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"தென்னாய்த?" என்றார். இரண்டு பேர்தானா?

ரெஜினோல்ட் சேர் சிங்களத்தில் விளக்கினார். ரப்பர், வெயில், தாய்மார், மழை. அந்த அம்மா பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, தான் கண்ணால் கண்டதை மட்டும்தான் எழுத முடியும் என்றார். மற்ற வகுப்புகளின் வரவு இடாப்புகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது, பன்னிரண்டு மணி வரைக்கும் இங்கேதான் இருப்பேன், அதற்குப் பிறகு வேறு பாடசாலைக்குப் போக வேண்டும் என்றார்.

நான் அனுமதி கேட்கவில்லை. பின்பக்கமாக இறங்கி ஓடினேன்.

ஆறு பேர், ஆறு மலை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு மலைச்சரிவில் முந்நூறு மரத்துக்கு நடுவில் இருப்பார்கள். அங்கே போனுக்குச் சிக்னல் கிடையாது. பங்களா மேட்டில் மட்டும்தான் இரண்டு கோடு காட்டும். இரண்டு மணி நேரத்தில் ஒரு மலைக்கு வேண்டுமானால் ஓடலாம். எனக்குக் கிட்ட இருந்தது அம்மா நின்ற மலை. மூச்சு வாங்க, பாவாடையெல்லாம் முள்ளுக் கிழித்து, போய் விழுந்தேன்.

அம்மா வெட்டு முடித்து, பால் சொட்டட்டும் என்று காத்திருந்தார். மரத்துக்கு மரம் சிரட்டையில் வெள்ளை நூல் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது.

"வந்துட்டாங்கம்மா. எண்ண வந்துட்டாங்க. ரெண்டு பேர்தான் இருக்கோம். பன்னெண்டு மணிக்குப் போயிருவாங்க."

அம்மா சிரட்டைகளை ஒரு தடவை பார்த்தார்.

"மெரினா எங்க? அவ அம்மா கிறேஸக்கா மல எது? நான் அங்கிட்டு ஓடுறேன், நீ ஷாமிளாவ..."

"ஒன்னால முடியாது" என்றார். கத்தியைத் துடைத்து இடுப்பில் செருகினார். பாறை மேலே ஏறினார். இரண்டு கையையும் வாயில் குவித்தார்.

இதை வெளியாட்களுக்குச் சொல்லவேண்டும். மேற்கே எந்த மலையில் மழை இறங்குவதை யார் முதலில் கண்டாலும் கூவுவார்கள். இரண்டு குட்டைக் கூவல், ஒரு நெட்டைக் கூவல். கேட்டவர் அடுத்த மலைக்குக் கூவ வேண்டும். அந்தக் கூவல் கேட்டால் சொட்டிக்கொண்டிருக்கிற பாலை அப்படியே எடுத்துக்கொண்டு எல்லோரும் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் மழை சிரட்டையைக் கழுவிக்கொண்டு போய்விடும். யாரும் கேள்வி கேட்பதில்லை. விளையாட்டுக்கு அப்படிக் கூவிய ஒருவன் எங்கள் தோட்டத்தில் இருந்தான். அதற்குப் பிறகு பதினெட்டு வருடமாக அவன் குரலை ஒரு மலையும் வாங்கிக்கொள்ளவில்லை. நிஜ மழைக்கு அவன் கூவினாலும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அவன் மகன்கூட வேறு தோட்டத்துக்கு மாறிப் போய்விட்டான்.

அம்மா மழைக் கூவல் கூவினார்.

"அம்மா! வெயில் அடிக்குது!"

"எனக்குக் கண்ணு இல்லயா?" என்றார். மறுபடியும் கூவினார். இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

என் அம்மாவிடம் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. லயத்தில் பக்கத்துக் காம்பராவுக்குக்கூடக் கேட்காமல் பேசுகிற பொம்பளை. அந்தச் சத்தம் மரங்களுக்கு மேலே எழும்பி, எதிர் மலையில் போய் மோதியது. பிறகு ஒன்றும் இல்லை. வெயிலும் பூச்சிச் சத்தமும்தான். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. எதிர் மலையில் நிற்கிறவர்கள் இப்போது வானத்தைப் பார்ப்பார்கள். நீலமாக இருக்கிறது. அம்மாவின் பெயர் இன்றோடு போயிற்று. எனக்காகப் போயிற்று.

எதிர் மலையிலிருந்து கூவல் வந்தது.

இரண்டு குட்டை, ஒரு நெட்டை. கிறேஸக்காவின் கட்டைக் குரல். அதற்குப் பின்னால், இன்னும் தள்ளி, இன்னொரு குரல். அதற்கப்பால் ஒரு ஆம்பளைக் குரல். ஒவ்வொன்றும் கொஞ்சம் சின்னதாக, கொஞ்சம் மெல்லிசாக, மலைக்கு மலை தாண்டிக்கொண்டே போனது. கடைசியில் அது குரலா, என் காதுக்குள் இருக்கிற சத்தமா என்று தெரியவில்லை. பிறகு தெற்குப் பக்கமாகச் சுற்றி, ஃபெக்டரி மேட்டிலிருந்து அது திரும்பி வந்தது. தோட்டம் முழுக்க ஒரு தரம் சுற்றி, மூன்று நிமிடத்தில், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.

பல்கலைக்கழகத்தில் பெரிய தொலைநோக்கி வழியாகச் சனியின் வளையத்தைப் பார்த்திருக்கிறேன். நுணுக்குக்காட்டியில் உயிரணு இரண்டாகப் பிரிவதைப் பார்த்திருக்கிறேன். உடம்பு சிலிர்த்தது உண்மை. ஆனால் கொளுத்துகிற வெயிலில், மேகமே இல்லாத வானத்துக்குக் கீழே, மழை மழை என்று மலைகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டதைக் கேட்ட அன்றைக்கு பன்னிரண்டு மணிக் கணக்கையே விட்டுவிட்டேன். அந்தப் பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"ஒக்காராத" என்றார் அம்மா. "வாளிய எடு."

கீழே தண்டவாளத் துண்டில் மணி அடித்தது. மழை மணி. ரெஜினோல்ட் சேருக்கும் கேட்டிருக்கிறது. நூலகத்துக்குள் நடந்ததைப் பவாஸ் பிறகு சொன்னான். அதிகாரி அம்மா இடாப்பிலிருந்து தலையை நிமிர்த்தி, இது என்ன மணி என்று கேட்டாராம். சேர், "மழ மணி மேடம்" என்றாராம். அந்த அம்மா எழும்பிப் போய் யன்னலால் வெளியே எட்டிப் பார்த்தாராம். வெயிலில் கண் கூசியதாம்.

"மழையா?"

"வரும் மேடம்" என்றாராம் சேர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

பதினொன்றரைக்கு ஒற்றையடிப் பாதைகள் எல்லாவற்றிலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். தலையில் சாக்கு, கையில் பால் வாளி. பால் நிறுக்கிற கொட்டகைக்கு முன்னால் கணக்கப்பிள்ளை கத்திக்கொண்டிருந்தார். "எங்கடி மழ? எவ கூவுனது? எல்லாருக்கும் அரைப் பேர்தான் இன்னைக்கு!" தாய்மார் நிறுக்க வரிசையில் நின்றார்கள். பெரிய பிள்ளைகள் வழமை போல வாளியைத் தாய்மாரிடம் கொடுத்துவிட்டு, பாடசாலைப் பக்கம் நடந்தார்கள். மழைக் கூவல் கேட்டால் செய்கிறதை வெயிலிலும் செய்தார்கள். மெரினா மட்டும் என் காதில், "என்னடி கூத்து இது?" என்று கேட்டாள். சொன்னேன். ஓடத் தொடங்கினாள்.

பதினொன்று ஐம்பதுக்கு எட்டு மேசைக்கும் முன்னால் நின்றோம். வெள்ளைச் சீருடையில் நானும் பவாஸும். மற்றவர்கள் வெட்டு உடுப்பில், பால் காய்ந்து ஒட்டிய கைகளோடு, அந்தப் புளித்த வாடையோடு. அதிகாரி அம்மா மூக்கைச் சுளிக்கவில்லை. அதை நான் கவனித்தேன். அப்படியானதைக் கவனிப்பது என் பழக்கம்.

சேர் இடாப்பைப் படித்தார்.

"மெரினா."

"இருக்கேன் சேர்."

"ஷாமிளா."

"வந்திருக்கேன் சேர்."

அப்படியே போனது. கடைசிப் பெயர். "யோகராஜ்."

சேர் தலையை நிமிர்த்தினார்.

"யோகராஜ்?"

"அவன் போன கெழமையே கொழும்புக்குப் போயிட்டான் சேர்" என்றாள் மெரினா மெதுவாக. "கடைக்கு. ஒங்ககிட்ட சொல்லப் பயந்துட்டான்."

சேரின் பேனா அந்தப் பெயரில் நின்றுவிட்டது. ஏழு. தோட்டம் முழுக்கக் கூவி இறங்கி வந்தும் ஏழு. அதிகாரி அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார். அவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், கத்தியிருப்பேன். அப்போது யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

வாசலில் ஒரு நிழல் விழுந்தது. ஷாமிளாவின் அக்கா சசி. ஒரு கையில் பால் வாளி, மற்றக் கையில் ஷாமிளா மரத்தடியில் மறந்துவிட்டு வந்த பாடக் கொப்பி.

"இத விட்டுட்டு வந்துட்டா" என்று நீட்டினாள்.

"அக்காவும் சயன்ஸ் பாஸ் சேர்!" மெரினாவின் வாய் சும்மா இருக்காது. "ரெண்டு வருஷத்துக்கு முந்தி. 'பி' எடுத்தாங்க."

"வாய மூடுடி" என்றாள் சசி.

அதிகாரி அம்மாவுக்குப் பேச்சு விளங்கவில்லை, 'பாஸ்' என்ற சொல் விளங்கியது. சசியிடம் சிங்களத்தில் கேட்டார். வயது? பதினெட்டு. சித்தி பெற்றது உண்மையா? உண்மை. பத்திரம் இருக்கிறதா? பெட்டியில் இருக்கிறது. ஏன் நிறுத்தினாய்?

சசி நல்ல சிங்களத்தில் பதில் சொன்னாள். "இங்கே இல்லை என்றார்கள். வெளியே அனுப்ப வீட்டில் வசதியில்லை."

"கெமதித?" என்றார் அந்த அம்மா. விருப்பமா?

சசி எங்களைப் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்தாள். அதில் கால்வாசிக்குப் பால் இருந்தது. இரண்டு வருடமாக யாரும் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்காதவர்களில் நானும் ஒருத்தி. நான் பதாகையில் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில் அவள் என் அம்மாவுக்கு அடுத்த மலையில் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பாலக் கொட்டிட்டு வரட்டுமா சேர்?" என்று கேட்டாள்.

"கொட்டிட்டு வா."

ஓடிப்போய், ஓடி வந்தாள். சேர் யோகராஜின் பெயரை வெட்டவில்லை. அதற்குக் கீழே புதிய வரியில், அன்றைய திகதி போட்டு, சசியின் பெயரை எழுதினார். அதிகாரி அம்மா விரலால் ஒவ்வொரு தலையாகச் சுட்டி, வாய்க்குள் எண்ணினார். எட்டு வந்ததும் நின்று, இன்னொரு தரம் முதலிலிருந்து எண்ணினார். பிறகு கையெழுத்துப் போட்டார். வாகனத்தில் ஏறும்போது வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

பின்னேரம் நான் அம்மாவோடு மலைக்குப் போனேன். எல்லோரும் போனார்கள். காலையில் அவசரமாக இறங்கியதால் அதற்குப் பிறகு சொட்டிய பால் சிரட்டைகளில் உறைந்து கிடந்தது. அதை நோண்டி எடுத்தால் ஒட்டுப்பால் என்று குறைந்த விலைக்குப் போடலாம். கிறேஸக்காவும் ஓடை வரைக்கும் எங்களோடு வந்தார். மெரினாவின் தாய். எனக்குள் காலையிலிருந்து ஒரு கேள்வி முட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, கூவுனப்ப வானத்தப் பாக்கலயா?"

"பாத்தேன்."

"மழ இல்லன்னு தெரிஞ்சிச்சா?"

"ஏன்டி, எனக்கு என்ன குருடா?"

"பிறகு ஏன் கூவுனீங்க?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல.

"உங்கம்மா கூவுனா. அவ சும்மா கூவ மாட்டா."

"அவ்வளவுதானா? எதுக்குன்னு கேக்க வேணாமா? அரைப் பேரு போச்சே!"

"கேக்கறதுக்கு எங்க நேரம்? மொதல்ல கூவணும். அப்புறமா எறங்கி வந்து கேக்கலாம்ல." ஓடைக்கு அப்பால் கையைக் காட்டினார். "எல்லாரும் அப்புடித்தான் நெனச்சிருப்பாங்க. அந்தப் பக்கத்து மலையில துலாம்பரமா வெயிலு. அவங்களுந்தான் கூவுனாங்க."

மனதுக்குள் கணக்குப் போட்டேன். நூற்றிருபது பேர் இருக்கும். நூற்றிருபது பேரும் அண்ணாந்து பார்த்து, பொய் என்று தெரிந்து, அந்தப் பொய்யை அடுத்தவருக்கு உரக்கச் சொல்லிவிட்டு, வாளியைத் தூக்கியிருக்கிறார்கள். பதினொரு மாதம் மதிலுக்குள் இருந்தபோது என்னைப் பாரம் என்று சொன்னவர்களுக்குப் பதில் தேடிக்கொண்டே இருந்தேன். அந்த ஓடைக்கரையில் அவர்களை முழுக்க மறந்துபோனேன். எதிரே கிடந்த மலைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறந்ததிலிருந்து பார்த்த மலைகள். இப்போதுதான் பயம் வந்தது. இவ்வளவு பெரிய ஒன்றுக்குள் இத்தனை நாள் செருப்புச் சத்தத்தோடு நடந்திருக்கிறேனே என்கிற மாதிரி ஒரு பயம்.

அம்மா சிரட்டையில் விரலைவிட்டு ஒட்டுப்பாலை உரித்துக்கொண்டிருந்தார். அம்மாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று போனேன். வாயைத் திறப்பதற்குள் கையில் ஒரு வாளியைத் திணித்தார்.

"அந்த வரிசையப் பாரு. பேசிக்கிட்டு நிக்காத."

கிறேஸக்கா ஓடையைத் தாண்டிப் போய், அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்.

"அது சரி ஜெயம்மா, என்னா படிப்பாம் அது?"

"சயன்ஸாம்!"

"எத்தன வருஷம்?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் இரண்டு விரலைக் காட்டினேன்.

"ரெண்டு!"

"ஆத்தே! ரெண்டு வருஷத்துக்கும் நம்மளால கூவ முடியாது புள்ள" என்றார் கிறேஸக்கா. "வெயிலுக்கும் சேத்து இஸ்கூலுக்குப் போகச் சொல்லு அந்த எட்டையும். எங்க வீட்டுதயும் சேத்துத்தான். பால நாங்க தூக்கிக்கிறோம்."

அம்மா கையிலிருந்த ஒட்டுப்பாலை வாளியில் போட்டார். அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, நல்ல வெயில். ஏழரை மணிக்கு எட்டு மேசையிலும் ஆள் இருந்தது. ரெஜினோல்ட் சேர் இடாப்பைத் திறந்து, எங்களை ஒரு தரம் பார்த்து, மறுபடியும் மூடி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் படிக்கத் தொடங்கினார்.